நூறு ரூபாயில் போனின் பங்கு எவ்வளவு?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று பலகையில் போட்டுக் காட்டிய கணக்குகளை இங்கே வாக்கியங்களாக எழுதியிருக்கிறேன். அவசரமாகப் படிக்காமல், ஒரு பேனாவும் காகிதமும் வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.)



வெள்ளி நாக்குப் படைத்தவர் என்று வெள்ளைக்காரர்களே புகழ்ந்த சீனிவாச சாஸ்திரியார் 1869இல் பிறந்தது இந்த வலங்கைமானில். அதே ஊரில் மைக்கைப் பிடித்துப் பேச எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. என்னிடம் இருப்பது நாக்கு இல்லை, கால்குலேட்டர். அதனால் கணக்கையே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தலைப்பு எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு முன், காலையில் மொட்டை மாடியில் நடந்துகொண்டிருந்தபோது இரண்டாம் தளத்து நண்பர் ஒருவர் தன் போனில் ஒரு வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினார். ஆப்பிள் கம்பெனியின் லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஐபோனில் இருந்துதான் வருகிறது என்று அதில் இருந்தது. அடுத்த நாள் அவருக்கு வந்த இன்னொரு செய்தி, பாதிகூட இல்லை என்று சொன்னது. அவருக்கு அடுத்த மாதம் ஒரு வைப்புத்தொகை முதிர்கிறது. ஓய்வு பெற்றபோது வந்த பணம். வெளிநாட்டில் இருக்கும் பையன், அதில் ஒரு பகுதியை அந்தக் கம்பெனிப் பங்கில் போடலாம் என்கிறான். "சார், நீங்க பேங்க்ல இருந்தவர், எது சரின்னு சொல்லுங்க" என்றார். சொல்கிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். அதற்கப்புறம் பத்து நாள் கம்பெனியின் ஆண்டறிக்கையோடு உட்கார வேண்டியதாயிற்று.

முதலில் ஒரு விஷயம். ஐபோனில் எவ்வளவு லாபம் என்று ஆப்பிள் சொல்வதே இல்லை. ஐபோன் எவ்வளவுக்கு விற்றது, ஐபேட் எவ்வளவுக்கு விற்றது என்று விற்பனைத் தொகையைப் பொருள்வாரியாகச் சொல்லும். லாபம் என்று வரும்போது பொருள்வாரிக் கணக்கு கிடையாது, உலகத்தை ஐந்து பிராந்தியமாகப் பிரித்துத்தான் காட்டும். அதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் இந்தியா அந்தக் கணக்கில் ஆசியாவில் இல்லை. ஐரோப்பா என்ற தலைப்பின் கீழ், மத்தியக் கிழக்கு, ஆப்பிரிக்காவோடு சேர்த்து நம்மையும் உட்கார வைத்திருக்கிறார்கள். கும்பகோணம் கடையில் நீங்கள் வாங்கும் ஐபோனும் கணக்குப்படி ஐரோப்பிய விற்பனைதான். பிராந்திய லாபத்திலும் ஆராய்ச்சிச் செலவும் தலைமை அலுவலகச் செலவும் சேராது. அவற்றைத் தனியாகக் கீழே கழிப்பார்கள்.

முன்பு எத்தனை போன் விற்றது என்ற எண்ணிக்கையாவது சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2018 நிதியாண்டில் 21.77 கோடி போன். அத்தோடு அதையும் நிறுத்திவிட்டார்கள். ஆகவே யார் சதவீதம் சொன்னாலும் அது மதிப்பீடுதான். மதிப்பீடு தப்பு இல்லை. எதை வைத்து மதிப்பிட்டார்கள் என்று சொல்லாமல் விடுவதுதான் தப்பு.

இனி கணக்கு. 2024 செப்டம்பர் 28 அன்று முடிந்த நிதியாண்டை எடுத்துக்கொள்வோம். மொத்த விற்பனை 39,103 கோடி டாலர், அதில் ஐபோன் 20,118 கோடி டாலர். இந்த எண்களை வைத்துக்கொண்டு தலையைச் சுற்றவிட வேண்டாம். மொத்த விற்பனையை நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன் விற்றது 51.45 ரூபாய். மேக், ஐபேட், வாட்ச், காதில் மாட்டிக்கொள்வது எல்லாம் சேர்ந்து 23.96. மீதி 24.59 ரூபாய் சேவைகள். ஆப் ஸ்டோர் கமிஷன், ஐகிளவுட் வாடகை, பாட்டு, விளம்பரம் எல்லாம் அதில் அடக்கம்.

மொத்த லாபம், அதாவது விற்பனையில் இருந்து பொருளின் நேரடி அடக்கத்தை மட்டும் கழித்தது, 46.21 ரூபாய். இதைக் கம்பெனி இரண்டாகப் பிரித்துச் சொல்கிறது. பொருட்கள் எல்லாம் சேர்த்து 28.04, சேவைகள் 18.17. இதற்குமேல் அது வாய் திறக்காது. பொருட்களின் 28.04 ரூபாயில் போனுக்கு எவ்வளவு என்பதை நாம்தான் ஊகிக்க வேண்டும்.

சோம்பேறி வழி ஒன்று இருக்கிறது. எல்லாப் பொருளுக்கும் ஒரே லாப விகிதம் என்று வைத்து, விற்பனை விகிதத்தில் பிரிப்பது. அப்படிச் செய்தால் போனுக்கு 19.13 ரூபாய், மொத்த லாபத்தில் 41 சதவீதம். விற்பனையில் பாதிக்கு மேல் இருக்கும் போன் லாபத்தில் பாதியைத் தொடவில்லை. காரணம் சேவைகளின் லாப விகிதம். பொருட்களில் நூறு ரூபாய்க்கு 37 ரூபாய் நின்றால், சேவைகளில் கிட்டத்தட்ட 74 ரூபாய் நிற்கிறது.

ஆனால் போனுக்கும் ஐபேடுக்கும் ஒரே விகிதம் என்பதை நான் ஏற்கவில்லை. இவ்வளவு எண்ணிக்கையில் விற்கும், விலையைப் பிடித்து வைத்திருக்கும் பொருளில் கூடுதலாகத்தான் நிற்கும். போனுக்கு 42 சதவீதம் என்று வைத்துப் பார்த்தேன். போனின் லாபம் 21.61 ரூபாய். மற்றப் பொருட்களுக்கு மிஞ்சுவது 6.43, அவற்றின் விற்பனையில் 27 சதவீதம். நம்பக்கூடியதாகத்தான் இருக்கிறது. போனுக்கு 45 என்று ஏற்றினால் மற்றவற்றுக்கு 20 சதவீதம்தான் மிஞ்சும். அதுவும் முடியும். அதற்கு மேலே ஏற்றினால் மேக்கும் ஐபேடும் மளிகைக் கடை லாபத்துக்கு வந்துவிடும், நம்ப முடியாது. ஆக மொத்த லாபத்தில் போனின் பங்கு 41இலிருந்து 50 சதவீதத்துக்குள் எங்கோ இருக்கிறது. 47 என்பது என் ஊகம்.

அப்படியானால் "பாதிகூட இல்லை" என்ற செய்தி சரி, மூன்றில் இரண்டு என்றது பொய் என்றுதானே தோன்றும்? அங்கேதான் சிக்கல்.

நம் பக்கத்து அரவை ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு நெல் அரைத்துக் கொடுக்கும் முகவர் 100 கிலோ நெல்லுக்கு, புழுங்கல் என்றால் 68 கிலோ, பச்சரிசி என்றால் 67 கிலோ அரிசி திருப்பித் தர வேண்டும். தவிடும் உமியும் அவருக்கு நிற்கும். தவிடு எண்ணெய் ஆலைக்குப் போகிறது, உமி கொதிகலனுக்குப் போகிறது, இரண்டும் காசு. இப்போது தவிட்டில் வந்த லாபம் தவிட்டின் லாபமா, அரிசியின் லாபமா? அரிசி அரைக்காமல் தவிடு மட்டும் தனியாக எங்கே கிடைக்கும்? பி.காம். இரண்டாம் ஆண்டில் கூட்டுப் பொருள், உபபொருள் என்று ஒரு பாடம் வரும். ஐந்து மார்க் கேள்வி என்று நினைத்துப் படித்தோம். உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்றின் கணக்கு அந்தப் பாடத்தில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

ஐபோன் இல்லாமல் ஆப் ஸ்டோர் கமிஷன் ஏது? சஃபாரி உலாவியில் தன்னுடைய தேடலை முதலில் வைப்பதற்காக கூகுள் 2022இல் மட்டும் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்தது என்று அமெரிக்க நீதிமன்ற ஆவணத்தில் வெளிவந்தது. கூகுள் அவ்வளவு பணம் கொடுப்பது முக்கியமாகப் போனைக் கையில் வைத்திருக்கிற கோடிக்கணக்கான மனிதர்களுக்காகத்தான். அந்தப் பணம் சேவைகள் என்ற தலைப்பில் வரவாகிறது. சேவை லாபத்தில் பாதியைப் போனின் கணக்கில் சேர்த்தால் பங்கு 66 சதவீதம் ஆகிவிடுகிறது. முக்கால் பங்கு சேர்த்தால் 76. முழுவதும் சேர்த்தால் 86.

பார்த்தீர்களா? நண்பருக்கு வந்த இரண்டு செய்தியும் சரியாக இருக்க முடியும். தவிட்டை எந்த மூட்டையில் கட்டினார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

இதோடு முடியவில்லை. மொத்த லாபத்தில் இருந்து ஆராய்ச்சி, விளம்பரம், நிர்வாகம் எல்லாம் சேர்த்து 14.70 ரூபாய் கழிய வேண்டும். கழித்தபின் நிற்பது 31.51, இதுதான் இயக்க லாபம். இந்த 14.70 பொதுச் செலவு. கேமராவைத் துல்லியமாக்க ஒரு பொறியாளர் உழைக்கிறார், அது போனிலும் ஐபேடிலும் போகிறது. அவர் சம்பளத்தை யார் தலையில் எழுதுவது? விற்பனை விகிதத்தில் எழுதினால் இயக்க லாபத்தில் போனின் பங்கு 44.6 சதவீதம். ஐந்து வகைக்கும் சமமாக, தலைக்கு 2.94 ரூபாய் என்று எழுதினால் 59.3 சதவீதம். ஒரு டாலர்கூட கூடவில்லை, குறையவில்லை. எழுதுகிற பேனா மட்டும் மாறியது.

இந்தப் பேனாவின் வேலையை நான் வேலை பார்த்த இடத்திலேயே கண்டிருக்கிறேன். டெல்டாவில் ஒரு கிளையில் இருந்தேன். சிங்கப்பூர், வளைகுடாப் பணமும் அறுவடைப் பணமும் டெபாசிட்டாக வந்து குவியும். கடன் என்று பார்த்தால் பயிர்க்கடன், நகைக்கடன், அவ்வளவுதான். மிஞ்சும் பணத்தைத் தலைமை அலுவலகத்துக்குக் கொடுத்ததாகக் கணக்கு எழுதி, அவர்கள் நிர்ணயிக்கும் வட்டியை வரவு வைப்போம். ஒரு வருடம் அந்த விகிதத்தைக் குறைத்தார்கள். அதே கவுண்டர், அதே வாடிக்கையாளர், அதே உழைப்பு. ஆனால் எங்கள் கிளையின் லாபம் சுருங்கி, வட்டாரக் கூட்டத்தில் மேனேஜர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். கடன் அதிகம் கொடுத்த நகரக் கிளைக்கு அன்று பாராட்டு. வங்கியின் மொத்த லாபம் அந்த மாற்றத்தால் ஒரு பைசா நகரவில்லை.

சரி, ஆப்பிள்தான் மறைக்கிறது. போன் பிரிவின் லாபத்தைத் தனியாகச் சொல்லும் கம்பெனியைப் பார்ப்போம். சாம்சங் சொல்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் அதன் தொழிற்சாலை இருக்கிறது, அங்கே செய்வது டி.வி., ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின். போன் நொய்டாவில். 2023இல் சாம்சங் எலெக்ட்ரானிக்ஸின் மொத்த இயக்க லாபம் 6.57 லட்சம் கோடி வான். அதே ஆண்டில் போனும் நெட்வொர்க்கும் சேர்ந்த பிரிவின் லாபம் 13.01 லட்சம் கோடி வான். பங்கு எவ்வளவு? 198 சதவீதம்! பலகையில் இதைப் போட்டபோது முன்வரிசையில் எல்லோரும் சிரித்தீர்கள். தவறு ஒன்றும் இல்லை. சிப் பிரிவு அந்த ஆண்டு 14.88 லட்சம் கோடி வான் நஷ்டம். போன் சம்பாதித்ததைச் சிப் தின்றது. 2024இல் சிப் லாபத்துக்குத் திரும்பியது, மொத்த லாபம் 32.7 ஆக ஏறியது, போன் பிரிவு 10.6. பங்கு 32 சதவீதம். 198 எங்கே, 32 எங்கே! போன் வியாபாரம் ஒரு வருடத்தில் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கியதா? இல்லையே, 13இலிருந்து 10.6தான். வீட்டில் ஒரு பிள்ளைக்கு வேலை போனால் இன்னொரு பிள்ளையின் சம்பளம் கூடியதாகச் சொல்வோமா?

ஆகவே நண்பருக்கு என் பதில்: பங்கு எவ்வளவு என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். போன் விற்பனை விழுந்தால் கம்பெனிக்கு என்ன ஆகும் என்று கேளுங்கள். இதற்கு ஓரளவு உறுதியான விடை கிடைக்கிறது. போன் விற்பனை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, பொதுச் செலவு குறையவில்லை என்று வையுங்கள். என் 42 சதவீதக் கணக்கில் 4.32 ரூபாய் லாபம் போகும், இயக்க லாபம் 31.51இல் கிட்டத்தட்ட 14 சதவீதம். சோம்பேறிக் கணக்கில் போட்டாலும் 12 சதவீதம். 45 வைத்தால் 15. பங்கைக் கேட்டபோது 41க்கும் 86க்கும் நடுவே அலைந்தோம். இங்கே 12க்கும் 15க்கும் நடுவில் நின்றுவிட்டது. போன் குறையக் குறைய, அதை ஒட்டிய பாதி சேவை லாபமும் ஓரிரு வருடத்தில் அதே அளவு விழும் என்று வைத்தால் 19, 20 வரை போகும். முதல் அடி 14, தாமதமாக வரும் இரண்டாம் அடி இன்னும் ஆறு. பணம் போடுகிறவர் யோசிக்க வேண்டிய எண் இதுதான்.

விழுமா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. ஆனால் விழுந்த கம்பெனியை நாம் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறோம். நோக்கியா 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டில் அதன் உலக விற்பனை 5,100 கோடி யூரோ, இயக்க லாபம் ஏறக்குறைய 800 கோடி யூரோ. அதே 2007இல்தான் முதல் ஐபோன் வந்தது. ஏழே வருடம். போன் வியாபாரத்தை மைக்ரோசாப்ட்டுக்கு விற்றார்கள். வரித் தகராறில் சிக்கியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1ஆம் தேதி அதன் கதவு மூடியது. ஆயிரக்கணக்கான இளம் பிள்ளைகள், பெரும்பாலும் முதல் வேலை. போன் பிரிவின் லாபத்தைத் தனியாக, தெளிவாகக் காட்டிய கம்பெனிதான் அது. நல்ல வருடத்தின் சதவீதம் யாரையும் காப்பாற்றவில்லை.

இன்று அதே ஸ்ரீபெரும்புதூரில் பாக்ஸ்கான் ஐபோன் செய்கிறது, 2019இல் எக்ஸ்ஆர் மாடலில் தொடங்கியது. நம் பக்கத்துப் பெண்பிள்ளைகளும் விடுதியில் தங்கி அங்கே போகிறார்கள். அதனால் மாதர் குழுவில் ஒரு அம்மா கேட்டார், "இவ்வளவு லாபத்துல நம்ம ஊருக்கு என்ன நிக்குது?" நல்ல கேள்வி. பாக்ஸ்கானின் தாய்க் கம்பெனி தைவானில் இருக்கும் ஹான் ஹாய். 2023இல் அது நூறு ரூபாய்க்கு வியாபாரம் செய்தால் மொத்த லாபம் 6 ரூபாய் சொச்சம், எல்லாம் போக நிகரமாக 2 ரூபாய் 30 காசு. ஆப்பிளுக்கு அதே ஆண்டு நிகர லாபம் நூறுக்கு 25. கிரேமர், லிண்டன், டெட்ரிக் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2010ஆம் வருட ஐபோனைப் பிரித்துக் கணக்கிட்டபோது, விலையில் 58.5 சதவீதம் ஆப்பிளின் லாபம், அதைப் பூட்டிச் சேர்த்த சீனத் தொழிலாளரின் கூலி 1.8 சதவீதம் என்று வந்தது. பழைய கணக்கு, சீனத்துக் கணக்கு, அப்படியே இங்கே பொருத்தக் கூடாது. இருந்தாலும் பூட்டுகிற கைக்குப் போவது சிறு துண்டு என்பதில் சந்தேகம் இல்லை. சம்பளமாக வருவதுதான் நம் ஊருக்கு வருவது. லாபத்தில் நமக்குப் பங்கு இல்லை. அதனால்தான் ஓசூரில் டாட்டா செய்யும் உறைபோல, உதிரி பாகங்களும் இங்கேயே செய்ய வேண்டும் என்கிறார்கள். என் கட்சியும் அதுதான்.

கடைசியாக நம் லிஃப்ட். பொதுச் செலவு என்றதும் பலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதைக் கவனித்தேன். தரைத்தளத்து வீடுகள் லிஃப்ட் செலவில் ஏன் சமமாகக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வருடமாக இழுபறி. நானும் தரைத்தளம், என் பேச்சில் சுயநலம் உண்டு என்று நினைத்துக்கொண்டே கேளுங்கள். இங்கேயும் "தரைத்தளத்தின் பங்கு என்ன" என்று கேட்டால் விடியாது. சதுர அடியில் ஒரு விடை, வீட்டுக்கு ஒன்று என்று ஒரு விடை, மாடிக் கணக்கில் ஒரு விடை, எல்லாமே நியாயமாகத் தெரியும். எது மாறினால் எந்தச் செலவு மாறும் என்று பாருங்கள். வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத் தொகை யார் ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஒன்றுதான். லிஃப்ட் ஓடினால்தான் இந்தக் கட்டடத்து வீடுகளுக்கு விலை நிற்கும், என் வீட்டுக்கும் சேர்த்து. அதை எல்லோரும் சமமாகப் போடலாம். மின்சாரமும் ஜெனரேட்டர் டீசலும் ஓடுகிற அளவுக்கு ஏறும் செலவு. அதை ஏறி இறங்குகிற மூன்று தளமும் பிரித்துக்கொள்ளலாம். இப்படிப் போட்டால் நான் இப்போது கொடுப்பதைவிடக் கொஞ்சம் குறையும், நான் கேட்டுக்கொண்டிருந்த அளவுக்குக் குறையாது. மூன்றாம் தளத்தில் முழங்கால் வலியோடு இருக்கும் இரண்டு பெரியவர்களின் வீட்டுக்கு மட்டும் கூடுதலை விட்டுவிடலாம் என்பது என் தனிப்பட்ட எண்ணம், அதற்குக் கணக்கில் இடம் இல்லை.

கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது இரண்டாம் தளத்து நண்பர் வந்தார். "அப்ப வாங்கலாமா, வேண்டாமா?" என்றார். முதிர்கிற பணத்தில் மூன்று வருடத்துக்குள் வேண்டியது எவ்வளவு என்று திருப்பிக் கேட்டேன். மனைவியின் கண் ஆபரேஷன், பெண் வீட்டுச் சீர் என்று அவர் விரல் விட்டு எண்ணினார். முக்கால்வாசி அதிலேயே போய்விட்டது. மீதிக்கு, லாபம் 14 சதவீதம் குறைந்தால் பங்கின் விலை அதைவிட அதிகமாகக்கூட விழலாம், அந்த ராத்திரி உங்களுக்குத் தூக்கம் வருமா என்று கேட்டேன். பையனோடு பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.

லிஃப்ட் செலவை இரண்டு விதமாகப் பிரித்த கணக்குத் தாள் சங்க அறையில் தொங்குகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் எவ்வளவு என்று எழுதியிருக்கிறேன். பொதுக்குழுவில் ஓட்டுக்கு வரும் முன் பார்த்துவிடுங்கள், கூட்டலில் தப்பு இருந்தால் பென்சிலால் வட்டம் போட்டுவையுங்கள்.